வாசிக்காமல் போட்ட மூன்று கையெழுத்து

சாட்சிக் கூண்டு என்றால் சினிமாவில் வருகிற மாதிரி ஆளுயரத்துக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அலிப்பூர் கோர்ட்டில் அது இடுப்பளவுக்கு ஒரு மரத் தடுப்பு, அவ்வளவே. எத்தனையோ பேர் பிடித்துப் பிடித்து மேல்விளிம்பு வழுவழுவென்று ஆகியிருந்தது. நானும் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை வேர்த்து மரத்தில் பிசுபிசுத்தது.

அரசு வக்கீல் மடிப்பு நைந்த ஒரு தாளை என் முன்னால் நீட்டினார். இந்த ஊரில் என் வயதுப் பெண்களை மாசிமா, அதாவது சித்தி என்பார்கள்.

"இது உங்க கையெழுத்துதானே, மாசிமா?"

"ஆமா."

அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. பக்கம் முழுக்க வங்காள எழுத்து. அடியில் ஒரு மூலையில் மட்டும் தமிழில் 'கோமதி'. அந்தக் கோர்ட்டிலேயே அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

"இந்தப் பொட்டலத்த உங்க கண்ணு முன்னால, அதோ நிக்கிறாரே அந்த ஆள்கிட்டேயிருந்து எடுத்தாங்க. சரிதானே?"

அதோ நிற்கிற ஆள் நிதாய். இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் "ஆமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் பத்து வருஷம் வரைகூட உள்ளே போகலாம் என்று எனக்குத் தெரியும். "இல்லை" என்றால், அப்படியானால் இத்தனை வருஷம் வாயில் என்ன வைத்திருந்தாய் என்று கேட்பார்கள். நான் என்ன சொன்னேன் என்பதற்கு முன், அங்கே எப்படி வந்து நின்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மிளகாய் வண்டி

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுக்கிறவர்களுக்காக ஒரு வரி. எனக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். வீட்டுக்காரருக்குக் கிடர்பூரில் துறைமுக வேலை. கல்யாணமாகிக் கல்கத்தா வந்தவள், லேக் மார்க்கெட்டில் ஒரு பொடிக் கடை போட்டேன். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, அப்பளம். கோலத்தில் ஆரம்பித்துக் கோபம் வரைக்கும் எல்லாவற்றையும் ஊரிலிருந்து கொண்டுவந்தேன் என்று வீட்டுக்காரர் சொல்வார். கோபம் மட்டும்தான் இன்னும் பழுதாகாமல் இருக்கிறது.

நிதாய் சைக்கிள் வேன் ஓட்டுகிறவன். என் மகளுக்கு அவன் காக்கு, அதாவது சித்தப்பா. பின்னால் பலகை வைத்த மூன்று சக்கர வண்டி. படாபஜாரிலிருந்து மிளகாய் மூட்டை கொண்டுவந்து போடுவான். மிளகாயை மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்துத் திரும்பக் கொண்டுவருவதும் அவன்தான். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மிளகாய் மூட்டைமேல் சாய்ந்து தூங்குவான். தும்மலே வராது அவனுக்கு. நான் எட்டு அடி தள்ளி நின்று தும்முவேன்.

நல்லவன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை கஞ்சா பிடிப்பான். கங்கைப் படித்துறையில் நாலு பேருடன் உட்கார்ந்து சிலிம்பி இழுப்பான். திங்கட்கிழமை காலை அவன் துண்டில் அந்த வாடை இருக்கும். "உருப்படுவியாடா நீ?" என்று நான் வங்காளத்தில் திட்டுவேன். "ஞாயித்துக்கிழமை மட்டும்தான் மாசிமா" என்று சிரிப்பான். கல்யாணம் ஆகி, பெண் குழந்தை பிறந்த பிறகு, படித்துறைப் பக்கம் போவது குறைந்தது. முழுக்க நிற்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அரக்கு வாடை

துர்கா பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கும். மத்தியானம் மூன்று மணி. மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. மில்லில் என்னுடைய மிளகாய் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்று பார்க்காவிட்டால் மில்காரர் ஒரே ஓட்டமாக ஓட்டிச் சூடேற்றிவிடுவார், பொடி கறுத்துவிடும். கிளம்பிச் செருப்பு மாட்டும்போது ஒரு கான்ஸ்டபிள் வந்தார்.

"மாசிமா, மேஜோ பாபு கூப்பிடுறாரு. ரெண்டே நிமிஷம்."

தாணாவில், அதாவது காவல் நிலையத்தில், பெரியவருக்கு அடுத்த அதிகாரியை மேஜோ பாபு என்பார்கள். எந்தத் தாணா என்பது இங்கே வேண்டாம். அந்த மனிதர் என் வாடிக்கையாளர். இட்லிப் பொடி வாங்கிப்போய்ச் சுடுசோற்றில் நெய் விட்டுச் சாப்பிடுவார். மரியாதையாகப் பேசுவார்.

மீன் கடை தாண்டித் திருப்பத்தில் ஜீப் நின்றது. ஜீப்பின் பானெட் மேல் ஒரு துணி மூட்டையை ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தார்கள். பச்சையும் பழுப்புமாகச் செத்தைக் குவியல். திங்கட்கிழமை வாடை. பக்கத்தில் தன் வேனைப் பிடித்துக்கொண்டு நிதாய் நின்றான். அவன் சட்டைக் காலரை ஒருவர் பிடித்திருந்தார்.

"என்ன நிதாய் இது?"

"என்னோடது இல்ல மாசிமா. வேனுக்கு அடியில யாரோ வச்சிருக்காங்க."

எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை இழுக்கிறவன் மற்ற நாளில் விற்கவும் செய்வான் என்று நினைத்தேன். இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

"சட்டப்படி வெளியாள் ரெண்டு பேரு சாட்சி வேணும்" என்றார் மேஜோ பாபு. "நீங்க கௌரவமான ஆளு. இங்க இருந்தீங்கன்னு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

பொட்டலத்துக்கு முத்திரை வைக்க ஒருவர் அரக்கை உருக்கிக்கொண்டிருந்தார். அரக்குப் புகையும் மீன் வாடையும் கலந்து தலை கிறுகிறுத்தது. என் மனசெல்லாம் மில்லில். நீட்டிய இடத்தில் எல்லாம் போட்டேன். பட்டியலில் ஒன்று, பொட்டலத்து மேல் ஒட்டுகிற சீட்டில் ஒன்று, இன்னொரு தாளில் ஒன்று. மூன்றும் வங்காளத்தில் எழுதியது. ஒன்றையும் வாசிக்கவில்லை.

வாசிக்கத் தெரியாது. அதுதான் விஷயம். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் இருக்கிறேன். மீன்காரியோடு சண்டை போடுவேன், பால்காரரிடம் வம்பு பேசுவேன், தொலைக்காட்சித் தொடர் பார்த்து அழுவேன், எல்லாம் வங்காளத்தில். எழுத்து மட்டும் ஏறவில்லை. பஸ்ஸை நம்பர் பார்த்து ஏறுவேன். கரண்டு ஆபீஸ் கடிதம் வந்தால் மகள் வாசித்துச் சொல்வாள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு எதிர்வீட்டு பௌதி, அதாவது அண்ணி, வாசித்துச் சொல்வார். என்னை மாதிரி இங்கே எத்தனையோ தமிழ்ப் பெண்கள் உண்டு. இவ்வளவு சரளமாகப் பேசுகிறவளுக்கு வாசிக்கத் தெரியாது என்று யாருக்கும் தோன்றாது. நாங்களும் சொல்லிக்கொள்ள மாட்டோம்.

கடைசிக் கையெழுத்தைப் போட்டு நிமிர்ந்தபோது நிதாய் என்னைப் பார்த்தான். நான் "மில்லுல மிளகா ஓடுது" என்று மேஜோ பாபுவிடம் சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். பொடி கறுக்கவில்லை. அன்றைக்கு அதுதான் எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

விஜயாவுக்கு ஒரு டம்ளர்

கல்கத்தாக்காரர்கள் கஞ்சா என்றால் பயந்து ஓடுகிறவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இங்கே விஜயா என்று சொல்கிற விஜயதசமி அன்று, துர்கையை ஆற்றில் கரைத்துவிட்டு வந்ததும், வீட்டுக்கு வீடு ஷித்தி என்று ஒரு பானம் கொடுப்பார்கள். பால், பாதாம், பெருஞ்சீரகம், கூடவே அரைத்த பங்கு இலை. கஞ்சாச் செடியின் இலைதான் அது. இலை சட்டத்தில் தப்பித்துக்கொள்ளும், பூவும் மொட்டும் மாட்டிக்கொள்ளும். ஒரே செடி.

நான் வந்த முதல் வருஷம் மாடி வீட்டு பௌதி ஒரு டம்ளர் கொடுத்தார். பாதாம்பால் என்று நினைத்து, ருசியாக இருக்கிறதே என்று இன்னொன்றும் வாங்கிக் குடித்தேன். அப்புறம் வீட்டுக்காரர் அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் அவர் மூக்கைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. "ஊர்ல இருந்து புதுசா வந்திருக்கா, கூச்சம்" என்று வீட்டுக்காரர் சமாளித்தார். கூச்சத்துக்கு யாராவது தரையில் உருளுவார்களா? அந்தப் பெரியவர் காபி கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நிதாயைப் பிடித்துக்கொண்டு போன வருஷமும் விஜயதசமி வந்தது. மார்க்கெட் பந்தலில் எல்லாருக்கும் ஷித்தி ஊற்றினார்கள். நானும் அரை டம்ளர் குடித்தேன். நிதாயின் பெண்சாதி இடுப்பில் குழந்தையோடு பந்தலுக்கு வெளியே நின்றாள். ஜாமீனுக்கு யாரைப் பார்ப்பது என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டது அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஏழு மாதம் கழித்துத்தான் ஜாமீன் கிடைத்தது. அவன் திரும்ப வந்து மார்க்கெட்டில் வேன் ஓட்டினான். மற்ற கடைகளுக்கு மூட்டை ஏற்றினான். கோர்ட்டுத் தேதி வருகிற நாளில் வேன் வராது. என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை, நானும் பேசவில்லை. நான் வேறு ஆளை வைத்துக்கொண்டேன்.

புளிச்சகீரை

இப்படி இருக்கும்போது மகள் உலகம்மைக்குப் பேறுகாலம். நாங்கள் உலகு என்று கூப்பிடுவோம். ஜெர்மனியில் லைப்சிக் என்கிற ஊரில் மருமகனுக்கு வேலை. கருப்பட்டி, சுக்கு, பூண்டு எல்லாம் கட்டிக்கொண்டு மூன்று மாதத்துக்குப் போனேன்.

மூன்றாவது மாடி வீடு. பின்பக்கம் ஒரு பால்கனி. பக்கத்து வீட்டுப் பால்கனிக்கும் எங்கள் பால்கனிக்கும் நடுவே இடுப்பளவு கம்பித் தடுப்பு. அங்கே தக்காளிச் செடி இரண்டு, அதற்குப் பக்கத்தில் தொட்டியில் மூன்று செடி. விரல் விரலாக நீண்ட இலை, ஓரமெல்லாம் ரம்பம். பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. புளிச்சகீரை!

பிள்ளை பெற்றவளுக்குக் காரமில்லாமல் கடைந்து ஒரு வாய் கொடுக்கலாம், நானும் நாலு நாளைக்குத் துவையல் அரைத்து வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். பக்கத்து வீட்டம்மாள் உர்சுலா காபிக் கோப்பையோடு வெளியே வந்தார். என் வயதுதான் இருக்கும். நான் செடியைக் காட்டி, கிள்ளுகிற மாதிரி, கடைகிற மாதிரி, சோற்றில் பிசைந்து சாப்பிடுகிற மாதிரி எல்லாம் செய்து காட்டினேன். கடைசியில் உள்ளே தொட்டிலில் கிடந்த குழந்தையையும் அதன் அம்மாவையும் காட்டினேன்.

அந்த அம்மாள் முகம் வெளுத்துப்போனது. "நைன், நைன்!" என்று கையை ஆட்டிக்கொண்டு உள்ளே ஓடி, சுற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு வாசல் மணியை அடித்தார். உலகுவிடம் ஏதோ படபடவென்று சொன்னார். உலகு சிரித்த சிரிப்பில் தையல் போட்ட இடம் வலித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எம்மா, அது கஞ்சாம்மா!"

"ஏட்டி, வாயக் கழுவு. இவ்ளோ கௌரவமான பொம்பளை..."

"இங்க வச்சுக்கலாம்மா. ஆளுக்கு மூணு செடி. சட்டமே அப்படித்தான் இப்ப."

நான் நம்பவில்லை. அடுத்த நாள் பூங்காவில் பார்த்தபோதுதான் நம்பினேன். புல்வெளியில் இரண்டு பேர் உட்கார்ந்து சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை வாடை. எதிரே இரண்டு போலீஸ்காரர்கள் சைக்கிளில் வந்தார்கள். நான் உலகு கையை இறுக்கிப் பிடித்தேன், வா போயிடலாம், சாட்சிக்குக் கூப்பிடுவான் என்றேன். போலீஸ்காரர்கள் அந்த இரண்டு பேரைத் தாண்டி, ஒரு நாயைக் கயிறில்லாமல் விட்டவரிடம் நின்று பேசிவிட்டுப் போனார்கள்.

அதற்காகக் கடையில் கத்தரிக்காய் மாதிரி விற்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கடையில் விற்கக் கூடாது. வீட்டில் வளர்க்கலாம், அல்லது சங்கம் மாதிரி சேர்ந்து வளர்த்து உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்ளலாம். கையில் இவ்வளவு கிராம்தான் இருக்கலாம் என்று அளவு உண்டு. பள்ளிக்கூடத்துக்கும் சிறுவர் விளையாடும் இடத்துக்கும் அருகே பிடிக்கக் கூடாது. டாக்டர் சீட்டு வாங்கி மருந்துக் கடையிலும் வாங்கலாம், அந்தச் சீட்டைக் கம்ப்யூட்டரிலேயே லேசாக வாங்கிவிடுகிறார்களாம். இதெல்லாம் உர்சுலா சொல்லி உலகு எனக்குச் சொன்னது. உர்சுலாவுக்கு மூட்டு வலி, தூக்கம் வராது, அதற்காக வளர்க்கிறார்.

நல்லதா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். பதினாறு வயசுப் பையன்கள் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் பழைய ஆளிடம்தான் இன்னும் வாங்குகிறார்கள், அது நிற்கவில்லை என்றார். பாதிப் பேருக்குச் சந்தோஷம், பாதிப் பேருக்கு எரிச்சல், ஆட்சி மாறினால் திரும்ப இறுக்குவார்கள் என்று பேச்சு இருக்கிறது என்றார். நல்லதோ கெட்டதோ, தீர்ப்புச் சொல்ல நான் யார்? அந்தச் செடி கண்ணில் படும்போதெல்லாம் பால்கனிக் கதவைச் சாத்திவிடுவேன். அதற்குக் காரணம் உலகுவுக்குத் தெரியாது.

உர்சுலாவின் ஃபைல்கள்

உர்சுலாவுக்கு அரசு வக்கீல் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஒருநாள் மத்தியானம் எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வந்தார். நான் டிகாக்ஷன் இறக்கி டபராவில் ஆற்றிக் கொடுத்தேன். கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். என்ன என்று கேட்டேன்.

புதுச் சட்டம் வந்ததும் பழைய கஞ்சா வழக்குகளை எல்லாம் திரும்பப் பார்க்கச் சொல்லிவிட்டார்களாம். அன்றைக்குக் குற்றமாக இருந்தது இன்றைக்குக் குற்றமில்லை என்றால், மிச்சத் தண்டனையை ரத்து செய்ய வேண்டும். அதைக் கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுக்காது. ஒவ்வொரு ஃபைலாக எடுத்து, கட்டைப் பிரித்து, ஆள் வாசித்துப் பார்க்க வேண்டும். எத்தனை கிராம், எங்கே எடுத்தது, யார் பார்த்தது என்று.

"கண்ணு போச்சுங்காக" என்றாள் உலகு. "ஆனா ஒரு ஃபைல்ல, உள்ள இருந்த ஆளு ரெண்டு நாள்ல வெளிய போனானாம். அன்னைக்கு மட்டும் நல்லாத் தூங்கினாகளாம்."

"சாட்சி சொன்னதையும் வாசிப்பாகளா?" என்று கேட்டேன்.

உலகு கேட்டுச் சொன்னாள். வாசிப்பார்களாம். அங்கே சாட்சி வாக்குமூலத்தின் அடியில், நானே வாசித்தேன், ஒப்புக்கொண்டேன், கையெழுத்திட்டேன் என்று ஒரு வரி இருக்குமாம். மொழி தெரியாத ஆளாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வாசித்துக் காட்டி, அவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். உர்சுலா இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். நான் எழுந்து சமையலறைக்குப் போனேன்.

உலகு பின்னாலேயே வந்தாள். குழந்தை அவள் தோளில்.

"என்னம்மா, ஏன் அழுத?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப், மூட்டை, அரக்கு, மில். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தத் தாள்ல என்ன எழுதியிருந்துச்சும்மா?"

"தெரியாதுட்டீ."

"தெரியாமலா போட்ட?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் திரும்பக் கத்தியிருப்பேன். "நிதாய் காக்கு என்னைய வேன்ல உக்கார வச்சு ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டிருக்காரும்மா. மழையில பிளாஸ்டிக் ஷீட்ட எனக்குப் போத்திட்டு அவரு நனைஞ்சுட்டு வருவாரு."

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். ஊருக்கு வந்தேன். தாணாவுக்குப் போகவா, வக்கீலிடம் போகவா, யாரைப் பிடிப்பது என்று தெரியவில்லை. பூஜை வந்தது. அப்புறம் பொங்கல் வந்தது. உலகு போனில் கேட்கும்போதெல்லாம் "பாத்துட்டு இருக்கேன்" என்றேன். ஒன்றும் பார்க்கவில்லை. பயந்துகொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன்.

சம்மன்

கடைசியில் கோர்ட்டே கூப்பிட்டது. சம்மனை எதிர்வீட்டு பௌதி வாசித்துச் சொன்னார். வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"இங்க பாரு கோமதி. அவுக என்ன கேக்காகளோ அதுக்கு ஆமான்னுட்டு வந்துரு. நம்ம வெளியூர் ஆளு. போலீஸப் பகைச்சுட்டு மார்க்கெட்டுல கடை வச்சிருக்க முடியுமா?"

"அவன் உள்ள போயிருவான்."

"நீயா அனுப்புத? சட்டம் அனுப்புது."

அவர் கெட்டவர் இல்லை. வேலையில் சேர்ந்த நாள் முதல் மேலதிகாரிக்கு எதிராக ஒரு வரி எழுதாத மனிதர். அவர் பயப்படுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது, எனக்கும் அதே பயம் இருந்தது. இரண்டு பேரும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

கோர்ட்டு வராந்தாவில் அரசு வக்கீலும் அதையேதான் சொன்னார். மூன்றே கேள்வி மாசிமா, மூன்றுக்கும் ஆமா. இன்னொரு சாட்சியின் கையெழுத்து யாருடையது என்றே தெரியவில்லை, ஆளைத் தேடியும் கிடைக்கவில்லை, அதனால் நீங்கள்தான் முக்கியம் என்றார். வெற்றிலை போட்டிருந்தால் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

கூண்டில்

சரி, அந்தக் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கண் முன்னால், அந்த ஆளிடமிருந்து எடுத்தார்கள், சரிதானே?

"நான் போறப்பவே மூட்டை ஜீப்பு மேல இருந்துது" என்றேன். "எங்கேருந்து எடுத்தாங்கன்னு நான் பாக்கல."

அரசு வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல உங்க முன்னால எடுத்ததாத்தான் இருக்கு. வாசிச்சுப் புரிஞ்சுகிட்டுத்தான் போட்டேன்னும் இருக்கு."

"எனக்கு வங்காளம் வாசிக்கத் தெரியாது."

இதைச் சொல்லும்போது காது மடல் சூடாகிவிட்டது. அத்தனை பேர் நடுவில், அவ்வளவு நல்ல வங்காளத்தில் அதைச் சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி ஒரு பெண். அவர் தாளை வாங்கிப் பார்த்து, முதல் வரியைக் காட்டி இதை வாசியுங்கள் என்றார். எனக்கு ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை.

அரசு வக்கீலுக்குக் கோபம். நான் பிறழ்சாட்சி ஆகிவிட்டேன் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இவன் உங்க கடைக்கு மூட்டை தூக்கறவன். அவனைக் காப்பாத்தப் பொய் சொல்றீங்க, இல்லையா?"

அதுவரை பயந்துகொண்டிருந்த எனக்கு அப்போது எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். "காப்பாத்தறதா? காப்பாத்தறவ நாலு வருஷம் வாயைப் பொத்திட்டு உக்காந்திருப்பாளா? அவன் என் கண்ணு முன்னால வேன் ஓட்டறான், நான் தலையைக் குனிஞ்சுட்டுப் பொடி நிறுத்துட்டு இருந்தேன். இதுக்குப் பேரு காப்பாத்தறதா?"

நீதிபதி கையமர்த்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "வாசிக்கத் தெரியலன்னா ஏன் கையெழுத்துப் போட்டீங்க? மிரட்டினாங்களா?"

மிரட்டினார்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் மேஜோ பாபு மிரட்டவில்லை.

"இல்லம்மா. மில்லுல மிளகா ஓடிட்டு இருந்துது. சீக்கிரம் போகணும்னு போட்டேன்."

தட்டச்சு செய்கிற பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு அதையும் அடித்தாள். என்னை இறங்கிப் போகச் சொன்னார்கள்.

அவன் கேட்டது

சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. நிதாயை விடுதலை செய்துவிட்டார்கள். மார்க்கெட்டில் வாழைப்பழக்காரர் ஓடிவந்து சொன்னார். நான் கடையைப் பாதியில் விட்டுவிட்டுப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். வீட்டுக்காரர்கூட "போகட்டும், நல்லதா முடிஞ்சுது" என்றார். கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. மேஜோ பாபு எப்போதோ மாற்றலாகிப் போயிருந்தார். உலகு போனில் அழுதாள். எனக்கு உள்ளூர ஒரு எதிர்பார்ப்பும் இருந்தது. அவன் வருவான், பழையபடி சிரிப்பான், மிளகாய் மூட்டை இனி நான்தான் கொண்டுவருவேன் என்பான் என்று.

வந்தான். மூன்றாம் நாள் காலை, கடையில் வேறு யாரும் இல்லாத நேரம். வேனை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

"வா நிதாய், டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம் மாசிமா." கொஞ்ச நேரம் ஹேண்டில்பாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். "கோர்ட்டுல சொன்னீங்களே, மூட்டை ஏற்கெனவே ஜீப்பு மேல இருந்துதுன்னு. அது அன்னிக்கே உங்களுக்குத் தெரியும் இல்லையா?"

"தெரியும்."

"அதைச் சொல்ல வாசிக்கத் தெரிய வேண்டாமே, மாசிமா."

நான் தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் உள்ள போறப்போ என் பொண்ணு தவழ்ந்துட்டு இருந்தா. வெளிய வந்தப்போ நடந்து வந்து, என்னைப் பாத்து பயந்து அழுதா. அவளுக்கு நான் யாருன்னு தெரியல."

"தப்பு என்மேலதான், நிதாய்."

"ஆமா" என்றான். குரலில் கோபம் இல்லை. பெடலை மிதித்து வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.